பேட்டரி மேல் ஒட்டிய தங்கம்

அன்று பௌர்ணமி. விடிவதற்குள் விகாரைக்குப் போய், துறவிகளின் பாத்திரத்தில் சோறு இட்டு, பொய் சொல்லாமை உட்பட ஐந்து சீலங்களையும் வாய்விட்டுச் சொல்லி ஏற்றுக்கொண்டுதான் வேலைக்கு வந்திருந்தேன். மற்ற நாட்களில் பொய் சொல்லலாம் என்று இல்லை. ஆனால் பௌர்ணமியன்று சீலம் எடுத்துவிட்டால் நாக்கின் மேல் யாரோ உட்கார்ந்து காவல் காப்பது போல இருக்கும். அப்படிப்பட்ட நாளாகப் பார்த்துத்தான் சோதனை வரும்.

என் பெயர் லம்துவன். வடக்குத் தாய்லாந்தில், சியாங் மாய் விமான நிலையத்தில், வெளிநாடு போகிறவர்களின் பைகளைச் சோதிக்கும் வேலை. பதினோரு வருஷம் ஆகிறது. எங்கள் ஊர் ஜனங்கள் வெளிநாடு போனால் கைப்பையில் துணி இருக்கிறதோ இல்லையோ, பச்சை மிளகாய்த் துவையல் ஒரு டப்பா இருக்கும். திரையில் பார்த்ததுமே தெரிந்துவிடும். குழைவாக இருப்பது எதுவும் இந்த அளவுக்கு மேல் கூடாது என்று சொல்லி எடுத்து வைப்பேன். "அங்க என் தங்கச்சி சோறு இறங்காம கெடக்கா" என்பார்கள். எடுத்து வைத்த கையை அன்றைக்கெல்லாம் எத்தனை தடவை கழுவினாலும் துவையல் வாசம் போகாது.

இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நாங்கள் இடம் மாறிக்கொள்வோம். திரையைப் பார்ப்பவர் எழுந்து பையைத் திறக்கும் மேசைக்குப் போவார். அன்று எட்டரை மணி வாக்கில், என் முறை முடிய இருந்த நேரம், திரையில் ஒரு நண்டு வந்து நின்றது. கால்களை மடக்கிக்கொண்டு படுத்திருக்கும் நண்டு. பக்கத்தில் கன்னங்கரேல் என்று மூன்று கட்டிகள்.

ட்ரோன் என்று புரிந்தது. பையைத் தனியே தள்ளிவிட்டு, எழுந்து மேசைக்குப் போய் நானே திறக்கத் தயாரானேன்.

பைக்காரன் முப்பது வயதைத் தொடாத இளைஞன். கசங்காத சட்டை, புதுச் செருப்பு. பேர் அனுச்சித் என்று பயணச்சீட்டில் இருந்தது.

"தம்பி, இது உங்க பையா?"

"ஆமாங்கக்கா. கேமரா ட்ரோன். எல்லா விதியும் படிச்சிட்டுத்தான் வந்தேன். பேட்டரிய பெரிய பெட்டில போடல, கையிலயே எடுத்துட்டு வந்துட்டேன். மூணுக்கும் தனித்தனி உறை. நூறு வாட்-மணிக்கு உள்ளதான். தைவான்ல பறக்க விடுறதுக்கும் அனுமதி வாங்கியாச்சு. காகிதம் காட்டட்டுமா?"

"மூச்சு விட்டுக்கோங்க தம்பி. ஒண்ணொண்ணா பாப்போம்."

ஜிப்பைத் திறந்தேன். ட்ரோனின் நெற்றியில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். அவற்றின் மேல் நகம் அளவு தங்கத் தாள் மினுங்கியது. கையுறை போட்ட என் கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன. எதிரே நின்ற அனுச்சித்தும் கும்பிட்டான். அவனுக்குப் பின்னால் காலணியைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணும், ஒரு கையில் காலணியோடு, இன்னொரு கையை மார்பில் வைத்துத் தலை குனிந்தாள்.

புது வண்டி வாங்கினாலும் புதுக் கடை திறந்தாலும் நாங்கள் இப்படித்தான். துறவி வெள்ளைக் குழம்பைத் தொட்டு, மந்திரம் சொல்லிக்கொண்டே புள்ளி வைத்து, மேலே தங்கத் தாளை ஒட்டித் தருவார். அது வெயிலிலும் மழையிலும் தானாக உதிர வேண்டும். யாரும் துடைக்க மாட்டோம்.

"எந்த விகாரை?" என்று கேட்டேன்.

"எங்க ஊரு விகாரைதான். லுவாங் போ வச்சுக் குடுத்தாரு."

லுவாங் போ என்றால் மூத்த துறவி. வடக்கே ஏதோ ஒரு மலையடி ஊரில் அந்தப் பெரியவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு ட்ரோனுக்கு ஆசி தருவதை நினைத்துப் பார்த்தேன். மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியோடேயே பேட்டரி உறையைத் திறந்தேன்.

மூன்று பேட்டரிகளிலும் ஆசி இருந்தது. ட்ரோனில் நகம் அளவுக்கு இருந்தது இங்கே முழுத் தாளாகவே இருந்தது. தட்டையான பக்கம் பார்த்து, தடிமனாகக் குழம்பு பூசி, அதன் மேல் சதுரமாகத் தங்கம். பேட்டரியின் அளவு அச்சடித்திருக்கும் இடமும் அதே தட்டையான பக்கம்தான். ஒன்றில்கூட ஓர் எழுத்தும் தெரியவில்லை.

"தம்பி, பேட்டரிக்கு எதுக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான். "எங்கப்பாதான்க்கா விகாரைக்குத் தூக்கிட்டுப் போனாரு. இதுக்கு உயிர் எங்கடா இருக்குன்னு கேட்டாரு. நான் பேட்டரியக் காட்டிட்டேன். அப்ப உயிருக்குத்தான் முதல்லன்னுட்டாரு."

பின்னால் நின்ற பெண் களுக்கென்று சிரித்தாள். அவள் பேர் ஜும் என்று பிறகு தெரிந்தது. தைப்பேயில் ஒரு நகப்பூச்சுக் கடையில் வேலை. விடுமுறைக்கு வந்துவிட்டு, அனுச்சித் ஏறப்போகும் அதே விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் பை எப்போதோ சோதனை முடிந்துவிட்டது. ஆனாலும் நகராமல் நின்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அளவு தெரியாத பேட்டரி விமானம் ஏறாது. கைப்பையிலும் ஏறாது, பெரிய பெட்டியிலும் ஏறாது. அதைச் சொன்னேன்.

அனுச்சித் கைப்பேசியை எடுத்தான். "அம்பத்தொம்போதுதான்க்கா. பாருங்க, கம்பெனிக்காரனே போட்டிருக்கான். பெட்டி அட்டைலயும் இருக்கு, போட்டோ காட்டுறேன்."

அதற்குள் எங்கள் மேற்பார்வையாளர் பிரமோத் வந்துவிட்டார். கறாரானவர். விதிப் புத்தகம் மனப்பாடம். போட்டோவைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், கும்பிட்டார், பிறகு சொன்னார்.

"தம்பி, விமானத்துல ஏறப்போறது அட்டையா, பேட்டரியா?"

"பேட்டரிதாங்க சார்."

"அப்ப நம்பர் பேட்டரி மேலதான் எனக்குத் தெரியணும். துடைச்சாத் தெரிஞ்சிடப் போவுது. லம்துவன், ஈரத் தாள் எடுங்க."

எடுத்தேன். எடுத்துவிட்டு அனுச்சித்திடம் நீட்டினேன்.

அவன் பின்னால் நகர்ந்தான். "நானா? எங்கப்பா கேட்டு வாங்கிட்டு வந்ததுக்கா. நீங்க துடைங்க."

"எனக்குக் கை வரல தம்பி. சார், நீங்க..."

"நான் எதுக்கு? பேட்டரி என்னுதா?" பிரமோத் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மூன்று பேரும் ஜும் பக்கம் திரும்பினோம்.

"என்னப் பாக்காதீங்க. நான் இன்னும் ஒரு மணி நேரத்துல வானத்துல இருக்கணும்."

ஈரத் தாள் என் கையிலேயே காய ஆரம்பித்தது. பிரமோத் கடிகாரத்தைப் பார்த்தார். "கால் மணி நேரம் தர்றேன். அதுக்குள்ள நம்பர் கண்ணுல பட்டா அனுப்பிவிடுறேன். இல்லேன்னா அந்தப் பெட்டில போட்டுட்டுப் போங்க" என்று, துவையல் டப்பாக்கள் கிடக்கும் பெட்டியைக் காட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

அப்போதுதான் அனுச்சித் திரும்பி, சோதனைக் கூடத்தின் கண்ணாடிச் சுவரைப் பார்த்தான். வெளியே, சுவர் முடிந்து நுழைவாயிலுக்குக் குறுக்கே கயிறு கட்டிய இடத்தில், வழியனுப்ப வந்தவர்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் மெலிந்த பெரியவர் ஒருவர், கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்கு ஒட்டி நின்று, மகன் திரும்பியதுமே முகமெல்லாம் பல்லாகக் கையை ஆட்டினார். மகனும் சிரித்துக்கொண்டே கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். திரும்பும்போது அந்தச் சிரிப்பு இல்லை.

"அப்பாவா?"

"ம். நான் கண்ணுல இருந்து மறையிற வரைக்கும் நகர மாட்டாரு." ஒரு பேட்டரியைக் கையில் எடுத்து உருட்டினான். "எங்கக்கா பிம்பா ஒம்போது வருஷமா தைவான்ல ஆர்க்கிட் தோட்டத்துல வேல பாக்குறா. ஞாயித்துக்கெழம கல்யாணம். அந்த ஊர்க்காரரு, அவரும் பூ வளக்கிறவருதான். அப்பாவால வர முடியாது. வாரத்துக்கு மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ணிக்கணும்."

"கல்யாணத்தத்தான் போன்லயே காட்டலாமே?" என்றாள் ஜும்.

"கல்யாணத்தப் பத்தி அவருக்குக் கவலையே இல்ல. வீட்டத்தான் பாக்கணுங்கிறாரு. அக்கா போன்ல பேசுறப்ப எப்பவும் அவ மூஞ்சிக்குப் பின்னாடி ஒரு வெள்ளச் சுவருதான் தெரியும். எங்கப்பா அந்தச் சுவரப் பாத்துப் பாத்து, அங்க சுத்தி யாருமே இல்ல, தோட்டத்து நடுவுல இவ மட்டும்தான்னு முடிவு பண்ணிட்டாரு. நல்லா இருக்கேன்னு அவ சொன்னா, எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தான் சொல்லும்ங்கிறாரு. மேலருந்து எடுத்துட்டு வா, வீடு எங்க இருக்கு, பக்கத்து வீடு எவ்வளவு தூரம், ராத்திரில வயித்து வலின்னா யாரு வருவா, அத எனக்குக் காட்டுன்னாரு. அதுக்குத்தான் இதத் தூக்கிட்டுப் போறேன். இது பழைய மாடல். இதுக்கு அங்க போய் பேட்டரி தேட முடியாது."

மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். பெரியவர் மறுபடி கையாட்டினார்.

"விட்டுட்டுப் போறேன்க்கா," என்றான். "அவரு கொண்டாந்த ஆசிதான் தடுத்துச்சுன்னு அவருக்குத் தெரிய வேணாம். கேமரா ரிப்பேராயிடுச்சுன்னு அங்க போய்ச் சொல்லிக்கிறேன். வெளிய அவரு உங்களக் கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

"தம்பி, நான் இன்னிக்கு சீலம் எடுத்திருக்கேன்."

"அப்ப நாளைக்குச் சொல்லுங்கக்கா," என்றாள் ஜும்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் மனசு கனத்தது. பொய் சொல்லாதே என்பது வாய்க்கு மட்டும் போடும் பூட்டில்லை. அந்த மனிதர் வீட்டுக்குப் போய் வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார் என்று தெரிந்தும் நான் பேசாமல் இருந்தால், அதுவும் ஒரு பொய்தானே.

"அவர்கிட்ட உண்மையச் சொல்லிடலாம்," என்றேன்.

"வேணாம்க்கா. நொந்துடுவாரு."

"நோகாம சொல்லிப் பாக்கறேன்."

மேசையைப் பக்கத்து ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு நடந்தேன். கயிறு வரை இருபது எட்டுதான் இருக்கும். ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு வார்த்தையை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டேன். எதுவும் தேறவில்லை. போய் நின்றதும் பெரியவர் சட்டென்று கண்ணாடியை விட்டு விலகி, தான் மூச்சு விட்ட இடத்தைச் சட்டைக் கையால் துடைத்தார். திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"பெரியப்பா, நீங்கதானே அனுச்சித்தோட அப்பா?"

"ஆமாம்மா. கேவ்மான்னு பேரு. என்ன, டுய் மறுபடியும் எதையாச்சும் மறந்துட்டானா?" டுய் என்றால் குண்டன். சின்ன வயதில் வைத்த செல்லப் பேராக இருக்கும். இப்போது அவன் ஈர்க்குச்சி மாதிரி இருந்தான். "ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற குலுக்கல்ல சீட்டு எடுக்கப் போனப்ப அடையாள அட்டைய மறந்தவன்மா அவன். நான்தான் பின்னாடியே சைக்கிள் மிதிச்சுக்கிட்டு ஓடினேன்."

"இந்தத் தடவ அவரு எதையும் மறக்கல. எல்லாம் சரியாத்தான் வச்சிருக்காரு." அதுவரை உண்மை. மிச்சத்தையும் சொல்ல வேண்டும். "லுவாங் போ பேட்டரி மேல தங்கம் வச்சிருக்காரில்ல, அதுக்கடியில ஒரு நம்பர் இருக்கு பெரியப்பா. அந்த நம்பரப் பாத்தாத்தான் எங்களால அனுப்ப முடியும். தங்கத்த எடுக்கணும். எனக்கு எடுக்கக் கை வரல, உங்க பையனுக்கும் வரல, எங்க சாருக்கும் வரல. கேட்டு வாங்கிட்டு வந்தவரு நீங்க. நீங்க எடுத்துக் குடுத்தா சரியா இருக்கும்னு தோணுச்சு."

அவர் உள்ளே மகன் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்தார். வலது கை மணிக்கட்டில் ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த இடத்தை இடது கையால் தடவினார்.

"அப்ப நான்தான் தடுத்துட்டேனா?"

இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. "வழியனுப்பத்தானே வச்சீங்க. பாதி வழியில நின்னுக்கிட்டு இருக்கு. நீங்களே ஒரு கை வச்சு நகத்தி விட்டுடுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. "அவரு ட்ரோனுக்கு ஒண்ணு வச்சாப் போதும்னாரும்மா. நான்தான் விடல. மூணுக்கும் வையுங்க, நல்லா தடிமனா வையுங்கன்னு நின்னேன். பேராசக்காரன் இன்னொருத்தன் இருக்கானான்னு கேட்டுக்கிட்டேதான் வச்சுக் குடுத்தாரு."

பிரமோத்திடம் ஓடினேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் மகனும் அந்தப் பக்கம் அப்பாவும் நிற்கட்டும், நான் கூடவே இருக்கிறேன், பேட்டரியை எடுத்துக்கொண்டு திரும்பியதும் புதிதாக வந்தவர் மாதிரி முழுசாகச் சோதித்துவிடலாம் என்றேன். அவர் யோசித்தார். "விமான ஊழியருங்க போற வழியாத் திருப்பிக் கொண்டாங்க. நானும் வர்றேன்," என்றார். பாதி கண்காணிப்பு, பாதி ஆவல் என்று நினைக்கிறேன்.

அனுச்சித் கயிற்றருகே வந்து நின்றான். அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏண்டா டுய், என்கிட்ட சொன்னா என்ன?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்..."

"பட்டுட்டுப் போறேன். சாயங்காலத்துக்குள்ள தீந்து போற வருத்தம் அது. வீட்டப் பாக்காமப் போனா ஆயுசுக்கும் இருக்குமில்ல? குடு இங்க."

பேட்டரியை வாங்கிக் கண்ணை மூடி நெற்றியில் வைத்துக்கொண்டார். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. பிறகு கட்டை விரலால் தங்கத்தின் ஓரத்தைச் சுரண்டினார். தங்கம் வரவில்லை. இழுகி, இன்னும் அகலமாகப் பரவியது.

"தேய்க்காதீங்க பெரியப்பா, எழுத்தும் சேந்து போயிடும்."

ஜும்தான். எங்கள் பின்னாலேயே வந்திருந்தாள். அவளுடைய விமானத்துக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. அதை நினைவுபடுத்தினேன்.

"பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கக்கா. ரெண்டு பேரையும் சேத்துதான் கூப்பிடணும்." தோள்பையைத் தரையில் வைத்துத் துழாவினாள். "நகத்துல தங்கத் தாள் ஒட்டுறதும் எடுக்கறதும்தான் எனக்குச் சோறு போடுது. தேச்சா ஒட்டிக்கும், தூக்குனா வந்துடும். என் கத்தரிக்கோல இவங்க பிடுங்கிட்டாங்க. நல்லவேள, டேப்ப விட்டுட்டாங்க."

அகலமான, கண்ணாடி மாதிரி டேப் ஒன்றை எடுத்தாள். பல்லால் கடித்து ஒரு துண்டு கிழித்துப் பெரியவர் கையில் கொடுத்தாள். "நான் தொட மாட்டேன். நீங்களே செய்யுங்க. மேல ஒட்டுங்க. ம், அழுத்தாதீங்க, சும்மா வையுங்க. இப்ப ஒரு ஓரத்துலருந்து மெதுவா... கொழந்த மேல இருந்து போர்வைய எடுக்கற மாதிரி."

பெரியவர் தூக்கத் தூக்க டேப் நேராக எழுந்தது. தங்கம் சதுரம் கலையாமல் அதோடு வந்துவிட்டது. அடியில் வெள்ளைப் பொடி காய்ந்து கிடந்தது. அதைக் கட்டை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்தார். சாம்பல் நிற எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

பிரமோத் சட்டைப்பையிலிருந்து சின்ன விளக்கை எடுத்து அடித்தார். கண்ணைச் சுருக்கிப் படித்தார். "அம்பத்தொம்போது."

நாங்கள் மற்ற நால்வரும் அதுவரை மூச்சே விடவில்லை போலிருக்கிறது. எல்லாரும் ஒரே சமயத்தில் விட்டோம்.

இரண்டாவதும் அதே மாதிரி வந்தது. மூன்றாவதில்தான் லுவாங் போ பெரியவரின் பேச்சைக் கேட்டு ரொம்பத் தடிமனாகப் பூசியிருந்தார். குழம்பு அச்சு மையை ஊறவைத்துவிட்டது. டேப்பை எடுத்தபோது தங்கமும் வந்தது, எழுத்தும் வந்தது. பேட்டரியின் முதுகு மொழுக்கென்று இருந்தது.

பிரமோத் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளக்கைச் சாய்த்து அடித்தார், நேராக அடித்தார். அவருக்கும் அனுப்பத்தான் ஆசை என்று தெரிந்தது. கடைசியில் விளக்கை அணைத்தார். "இது ஏறாது பெரியப்பா."

பெரியவர் மகனைக் கேட்டார். "ஒண்ணு எவ்வளவு நேரம் பறக்கும்?"

"இருபத்தஞ்சு நிமிஷம்ப்பா."

"ரெண்டுக்கு அம்பது. ஒரு வீட்டச் சுத்திப் பாக்க அம்பது நிமிஷம் போதாதா? நம்ம ஊரையே நான் அரை மணியில சுத்தி வந்துடுவேன். இது என்கிட்ட இருக்கட்டும்."

அவர் அதைச் சட்டைப்பையில் போடப் போனார். பிரமோத் தடுத்து வாங்கி, முனைகளின் மேல் ஜும்முடைய டேப்பை இரண்டு சுற்று ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். "சாவி, சில்லறை எதுவும் இதுகூடப் போடாதீங்க. சூடாயிடும். அடுப்புப் பக்கம் வைக்காதீங்க." ஏறப்போகும் இரண்டின் முனைகளையும் அவரே மூடினார்.

பெரியவரின் கட்டை விரல் வெள்ளையாக இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டையில் துடைக்க மனமில்லை.

"டுய், குனி."

அனுச்சித் கயிற்றின் மேல் குனிந்தான். அவர் அவன் நெற்றி நடுவில் விரலை அழுத்தினார். "இதுல நம்பர் ஒண்ணும் இல்லயேம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல பெரியப்பா. இது தாராளமாப் போகலாம்."

"அப்ப எனக்கும்," என்று ஜும் நெற்றியை நீட்டினாள். அடுத்து நான் தொப்பியைக் கழற்றினேன். வேலை நேரம்தான். ஆனால் நெற்றியில் எதுவும் வைக்கக்கூடாது என்று விதிப் புத்தகத்தில் இல்லை. பிரமோத்துக்கும் அது தெரியும். "வரிசை நிக்குது, வரிசை நிக்குது, வாங்க" என்று அதட்டிக்கொண்டே வந்தவர், பெரியவர் முன்னால் வந்ததும் வேகத்தைக் குறைத்தார். "ரெண்டே செகண்டு," என்று சொல்லித் தலையைக் குனிந்தார்.

அனுச்சித்தையும் ஜும்மையும், அவர்கள் பைகளையும் மறுபடி முழுசாகச் சோதித்தோம். ட்ரோன், கட்டுப்பாட்டுக் கருவி, இரண்டு பேட்டரி. எல்லாம் சரி. ஒலிபெருக்கியில் இரண்டு பேரின் பெயரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். ஜும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். பத்து நிமிஷம் கழித்துக் குடியேற்ற மேசையிலிருந்து ஓர் ஊழியர் வந்து என்னிடம் கேட்டார். "அக்கா, உங்க வரிசைலருந்து வர்றவங்க நெத்தியெல்லாம் ஏன் வெள்ளையா இருக்கு?" என் நெற்றியைப் பார்த்ததும் மேலே கேட்காமல் போய்விட்டார்.

வெளியே பெரியவர் மகன் மறைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். கையில் மூன்று டேப் துண்டுகள். பக்கத்தில் நின்ற யாரோ முன்பின் தெரியாத ஒருவருக்கு அவற்றைக் காட்டி, நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பேராசைக்காரன் என்று லுவாங் போ சொன்னதையும் விடாமல் சொன்னார் என்று, அந்த ஆள் சிரித்த சிரிப்பிலிருந்து தெரிந்தது.

அடுத்த வியாழக்கிழமை காலை, மேசையில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ கண்ணாடியைத் தட்டும் சத்தம். கேவ்மா பெரியப்பாவும் அனுச்சித்தும் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். மகனை அழைத்துப்போக வந்தவர், கீழே வருகைக் கூடத்திலிருந்து படியேறி மேலே வந்திருக்கிறார். வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிச் சோற்றுப் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தார். "துவையலும் இருக்கு. வெளியதான் தர்றேன், பிடுங்க முடியாது," என்றார்.

பிறகு கைப்பேசியை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "நான் ஏழு தடவ பாத்துட்டேன். நீ பாரு."

வானத்திலிருந்து எடுத்த படம். முதலில் பச்சை மலைகள். அப்புறம் வெள்ளைத் துணி போர்த்திய நீளமான பூக்கொட்டகைகள். அவற்றின் ஓரத்தில் நீலத் தகரக் கூரை போட்ட வீடு. முற்றத்தில் சிவப்பு உடையில் ஒரு பெண் அண்ணாந்து பார்த்துக் கையாட்டினாள்.

"பிம்பா," என்றார். "அவள விடு. இந்தப் பக்கம் பாரு."

வீட்டின் கிழக்கே வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு கூரை. அதையடுத்து இன்னும் நாலைந்து. அந்த முதல் வீட்டிலிருந்து, அகலமான தொப்பி போட்ட ஒரு பெண் கையில் மூடிய கிண்ணத்தோடு வெளியே வந்தாள். தலைக்கு மேல் பறப்பது என்ன என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு வேலியில் பலகை இல்லாத ஓர் இடைவெளி வழியாக, பாவாடை மாட்டாமல் பழகிய கால்களோடு நுழைந்து வந்து, பிம்பாவின் வீட்டுப் பின்கதவைத் தட்டாமலே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கிண்ணம் இல்லாமல் வெளியே வந்தாள்.

பெரியவர் படத்தை அங்கேயே நிறுத்தினார்.

"வேலிய யாரும் அடைக்கல, பாத்தியா?" என்றார். "முன்கதவு வழியா வர்றவங்க விருந்தாளிங்க. இவ பின்கதவு வழியா வர்றா."

கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மகனின் தோளைத் தட்டினார். மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நேரமாகிறது என்றார். இருவரும் படியில் இறங்கினார்கள். பாதிப் படியில் நின்று, மகனிடம் அந்த இடத்தை இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொன்னார்.